மோட்டார்சைக்கிளும் எரிபொருள் சேர்மானங்களும்: துப்புரவு, குளிர்கால இருப்பு குறித்த ஓர் ஆய்வு

பெட்ரோல் டேங்கில் ஓரிரு மூடி அளவு ஊற்றினாலே கார்புரேட்டர் சுத்தமாகும், இன்ஜெக்டரின் அடைப்பு நீங்கும், மாதக்கணக்கில் நின்றாலும் பெட்ரோல் கெடாது, உள்ளே சேர்ந்த தண்ணீரும் மறைந்துபோகும் என்று உறுதி கூறும் சிறு புட்டிகள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல பத்தாண்டுகளாக விற்கப்பட்டு வருகின்றன. ஒரே புட்டியின் மேல் அச்சிடப்பட்டிருந்தாலும் இந்த நான்கு உறுதிமொழிகளும் வெவ்வேறு வேதியியல் அடிப்படைகளைக் கொண்டவை. அவற்றுள் சில நன்கு நிறுவப்பட்டவை, சில குறிப்பிட்ட சூழலில் மட்டும் உண்மையாகுபவை, ஒன்றிரண்டு வெறும் விருப்பங்கள். எந்தப் பொருள் எந்த வேலையை எதுவரை செய்யும் என்பதைப் பிரித்தறிந்தால்தான் அவற்றை வாங்குவதா வேண்டாமா என்ற கேள்விக்குப் பொறுப்பான விடை கிடைக்கும்.

இந்தப் பொருள்களுக்குச் சந்தை உருவானதே குளிர்நாடுகளின் வாழ்முறையால்தான். பனிக்காலம் தொடங்கியதும் மோட்டார்சைக்கிளைக் கொட்டகையில் நிறுத்தி, வசந்தத்தில் மீண்டும் எடுப்பது அங்கு வழக்கம். ஜெர்மனியில் ஆண்டின் குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் பருவகால எண்பலகை 1997இல் நடைமுறைக்கு வந்தபின், அந்த மாதங்களுக்கு வெளியே பொதுச்சாலையில் வண்டியை ஓட்டவோ நிறுத்தவோ முடியாது என்ற நிலை ஏற்பட்டது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம் என்ற விதி மோட்டார்சைக்கிளுக்கும் பொருந்துவதால், பெரும்பாலோர் அக்காலத்தில் வண்டியை எடுப்பதில்லை. டொராண்டோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழர்களுக்கும் இது பழகிப்போன நடைமுறை. இவ்வாறு நான்கைந்து மாதம் ஓடாமல் நிற்கப்போகும் வண்டியின் எரிபொருள் அமைப்பு, மின்கலம், எஞ்சின் ஆகியவற்றை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துவதைத்தான் குளிர்கால இருப்புக்குத் தயார்செய்தல் என்கிறார்கள். மின்கலமும் டயரும் தனிப் பொருள்கள் என்பதால் இக்கட்டுரை எரிபொருளோடு நிற்கிறது.

பெட்ரோல் ஒற்றைப் பொருளன்று. ஏறத்தாழ நான்கு முதல் பன்னிரண்டு வரை கார்பன் அணுக்கள் கொண்ட நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை அது. அவற்றுள் கார்பன் அணுக்களிடையே இரட்டைப் பிணைப்பு உள்ள ஒலிஃபின் வகை மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு எளிதில் வினைபுரிந்து பெராக்சைடு என்னும் நிலையற்ற சேர்மங்களாகின்றன. அவை ஒன்று பலவாகப் பெருகும் சங்கிலி வினையால் பெரிய மூலக்கூறுகளாக இணைந்து, முதலில் பெட்ரோலில் கரைந்த பிசினாகவும், பெட்ரோல் ஆவியானபின் உலோகப் பரப்பில் ஒட்டிய பழுப்பு நிற வார்னிஷ் படலமாகவும் மாறுகின்றன. இதைக் கட்டுப்படுத்தவே விற்பனைப் பெட்ரோலுக்குத் தரவரையறைகள் உள்ளன. ஐரோப்பாவின் இஎன் 228 தரத்தின்படி, உயர் அழுத்த ஆக்சிஜனில் 100 டிகிரி செல்சியஸில் வைத்துச் சோதிக்கும்போது குறைந்தது 360 நிமிடம்வரை பெட்ரோல் வினைக்கு இடங்கொடாமல் நிற்க வேண்டும், பிசினின் அளவும் 100 மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஆகவே பம்பிலிருந்து வரும் புதிய பெட்ரோல் ஓரளவு பாதுகாப்போடுதான் வருகிறது. சுத்திகரிப்பு ஆலையிலேயே ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் அதில் கலக்கப்பட்டிருக்கின்றன. கடையில் வாங்கும் நிலைப்படுத்தி, அந்தப் பாதுகாப்பை நீட்டிக்கும் கூடுதல் அளவே தவிர முற்றிலும் புதிய பொருளன்று.

பெட்ரோல் பழசாவதற்கு இரண்டாவது வழி ஆவியாதல். குளிர்ந்த காலையிலும் எஞ்சின் எளிதாகப் பற்றிக்கொள்ள வேண்டுமென்பதற்காக, குளிர்காலத்தில் விற்கும் பெட்ரோலில் பியூட்டேன் போன்ற இலேசான பொருள்களைக் கூடுதலாகக் கலக்கிறார்கள். கோடையில் அதே பெட்ரோல் அளவுக்கு மீறி ஆவியாகும் என்பதால் அப்போது குறைக்கிறார்கள். காற்றோட்டத் துளை உள்ள டேங்கிலோ கார்புரேட்டரிலோ நீண்ட நாள் நின்ற பெட்ரோலில் இந்த இலேசான பகுதிகளே முதலில் வெளியேறுவதால், எஞ்சியது பார்வைக்கு நன்றாக இருந்தாலும் குளிர்ந்த எஞ்சினை இயக்கத் தயங்குகிறது. ஓடிப்போன பியூட்டேனை எந்தச் சேர்மானமும் திரும்பக் கொண்டுவராது. பழைய பெட்ரோலைப் புதுப்பிக்கும் என்று கூறும் புட்டிகளை ஐயத்தோடு பார்க்க வேண்டியதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இங்கு அதிகம் பேசப்படாத ஓர் உண்மையைச் சற்று விரித்துக் கூற வேண்டியிருக்கிறது. வேதிவினைகள் பலவற்றின் வேகம் வெப்பநிலை 10 டிகிரி உயரும்போது ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்ற பொதுவிதியை ஏற்றுக்கொண்டால், 5 டிகிரி குளிரில் நிற்கும் பெட்ரோலைவிட 35 டிகிரி வெயிலில் நிற்கும் பெட்ரோல் சுமார் எட்டு மடங்கு வேகமாக ஆக்சிஜனேற்றம் அடையும். குளிர்காலத்துக்கென்றே விற்கப்படும் பொருளின் முதன்மை வேலை ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது. அந்த ஆக்சிஜனேற்றமோ குளிர்காலத்தில்தான் மிக மெதுவாக நடக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் சூடாக்கப்படாத கொட்டகையில் மூடிய டேங்கில் இருக்கும் பெட்ரோல் நான்கு மாதத்தில் பெரிய அளவில் பிசினாகிவிடாது. அங்கே வசந்தத்தில் வண்டி கிளம்பாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் டேங்கில் இருப்பதில்லை, அதற்குக் கீழே கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருக்கிறது.

கார்புரேட்டரின் அடியிலுள்ள மிதவைக் கிண்ணம் சில பத்து மில்லிலிட்டர் பெட்ரோலை மட்டுமே கொள்ளும். அது காற்றோடு நேரடித் தொடர்புடையது. கொள்ளளவோடு ஒப்பிட அதன் மேற்பரப்பு மிகப் பெரியது. மேலும் அதற்குள் பித்தளையால் ஆன ஜெட்டுகள் உள்ளன. பித்தளையிலிருந்து நுண்ணளவில் கரையும் செம்பு, பிசின் உருவாகும் வினையைத் தூண்டும் ஊக்கியாகச் செயல்படுகிறது. இத்தனையும் ஒன்றுகூடும்போது டேங்கில் மாதங்கள் தாங்கும் பெட்ரோல் கிண்ணத்தில் வாரங்களில் வற்றி, தன் பிசின் முழுவதையும் அடியில் விட்டுச்செல்கிறது. ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் துளை பல வண்டிகளில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டம் கொண்டது. மெக்கானிக்குகள் ஸ்லோ ஜெட் என்று அழைப்பதும் இதனையே. மெல்லிய வார்னிஷ் படலம்கூட அத்துளையின் பரப்பைக் கணிசமாகக் குறைத்துவிடும். நின்ற வண்டி சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது, ஆக்சிலரேட்டரை விட்டவுடன் அணைந்துபோகிறது என்ற பழக்கமான குறைக்கு மூலம் பெரும்பாலும் இதுதான்.

நிலைப்படுத்திகளின் செயல்முறை இந்தப் பின்னணியில் தெளிவாகிறது. அவற்றிலுள்ள தடைகொண்ட ஃபீனால் வகைகளும் ஃபெனிலின்டயமின் வகைகளும் தங்களிடமுள்ள ஹைட்ரஜன் அணுவைப் பெராக்சைடு உறுப்புகளுக்குக் கொடுத்து, சங்கிலி வினையை நடுவிலேயே அறுக்கின்றன. அவ்வாறு கொடுத்தபின் அவை செலவழிந்துபோகின்றன. சில தயாரிப்புகளில் இவற்றோடு, செம்பு அயனிகளைச் சூழ்ந்து பிடித்து ஊக்கித் தன்மையை முடக்கும் உலோகச் செயல்நீக்கியும், உலோகப் பரப்பில் படிந்து துருவைத் தடுக்கும் பொருளும் கலந்திருக்கும். தடுப்பி தான் செலவழிந்துதான் வேலை செய்கிறது என்பதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. அதைப் புதிய பெட்ரோலில் முதல் நாளே சேர்க்க வேண்டும், ஏற்கெனவே உருவான பிசினை அது கரைக்காது என்பது ஒன்று. டேங்கில் ஊற்றியபின் சில நிமிடங்களேனும் எஞ்சினை ஓடவிட்டு, கலந்த பெட்ரோல் கிண்ணத்தையும் இன்ஜெக்டரையும் எட்டச் செய்யாவிட்டால், மிகவும் தேவைப்படும் இடத்துக்கு அது போய்ச் சேராது என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது படியை விட்டுவிட்டுப் பொருளைக் குறைகூறுவோர் பலர்.

தூய்மையாக்கிகளின் வரலாறு நீண்டது, படிப்பினை மிக்கது. கார்புரேட்டரைச் சுத்தமாக வைத்திருக்கும் அமின் வகைப் பொருள்கள் 1950களிலேயே அமெரிக்கப் பெட்ரோலில் கலக்கப்பட்டன. 1970இல் கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் எஃப்-310 என்ற சேர்மானத்துடன் செவ்ரான் பெட்ரோலை அறிமுகப்படுத்தி, முன்னாள் விண்வெளி வீரர் ஸ்காட் கார்பென்டரைக் கொண்டு தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தது. காரின் புகையைத் தெளிவான பெரிய பையில் பிடித்து, முன்பு கறுத்த பை இப்போது தெளிந்து நிற்பதாக அந்த விளம்பரம் காட்டியது. கண்ணுக்குத் தெரியாத மாசுகளைப் பற்றி அந்தப் பை எதுவும் சொல்லாது என்பதால், விளம்பரங்கள் தவறான எண்ணத்தை ஏற்படுத்துகின்றன என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அம்முடிவைப் பெருமளவில் ஏற்றது. அந்தப் பொருளுக்குத் தூய்மையாக்கும் ஆற்றல் உண்மையாகவே இருந்தது. பொருளின் உண்மையான ஆற்றலுக்கும் அதைப்பற்றிச் சொல்லப்படுவதற்கும் இடையிலான இந்தத் தொலைவே இத்துறையின் நிலைத்த சிக்கலாக இன்றுவரை இருந்துவருகிறது.

1980களில் கார்களில் எரிபொருள் உட்செலுத்து முறை பரவியபோது புதிய தொல்லை தோன்றியது. சூடான எஞ்சினை நிறுத்தியவுடன் இன்ஜெக்டரின் நுனியில் எஞ்சியிருக்கும் ஒரு துளிப் பெட்ரோல், குளிர்விப்பு நின்றுபோனதால் ஏறும் வெப்பத்தில் வெந்து படிவமாகிறது. உள்ளிழுப்பு வால்வின் முதுகிலும் கரிப்படிவம் சேர்கிறது. 1985ஆம் ஆண்டின் பிஎம்டபிள்யூ 318ஐ காரை 10,000 மைல் ஓட்டி வால்வுப் படிவத்தை எடைபோடும் சோதனை அமெரிக்காவின் தரமுறைச் சோதனைகளுள் ஒன்றானதும் இந்தப் பின்னணியில்தான். இந்தத் தேவைக்கு விடையாக வந்தவற்றுள் பாலிஐசோபியூட்டிலின் அமின், பாலிஈதர் அமின் என்ற இரண்டும் முதன்மையானவை. இரண்டிலும் நைட்ரஜன் கொண்ட முனை படிவத்தைப் பற்றிக்கொள்ள, நீண்ட வால் பெட்ரோலில் கரைந்து அதை இழுத்துச் செல்கிறது. முன்னது இன்ஜெக்டரையும் வால்வையும் நன்கு காக்கும், ஆனால் எரியறையின் வெப்பத்தில் தானே படிவத்தைக் கூட்டக்கூடும். பின்னது எரியறையிலும் தூய்மையாக்கும் தன்மையை இழப்பதில்லை என்பதால் விலை கூடினாலும் மேலானதாகக் கருதப்படுகிறது.

அமெரிக்காவில் 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் குறைந்தபட்ச அளவு தூய்மையாக்கி இருக்க வேண்டுமென்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதித்தது. அந்தக் குறைந்தபட்சம் போதாது என்று கருதிய பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகிய நிறுவனங்கள் 2004இல் டாப் டியர் என்ற உயர்தர வரையறையை உருவாக்கின. 2016இல் அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் நடத்திய ஒப்பீட்டில், அந்த வரையறைக்கு உட்படாத பெட்ரோல் சராசரியாக 19 மடங்கு அதிகப் படிவத்தை விட்டுச்சென்றது தெரியவந்தது. நல்ல பம்பில் தொடர்ந்து பெட்ரோல் போடுபவருக்குத் தனிப் புட்டியின் தேவை பெருமளவு குறைந்துவிடுகிறது என்பது இதிலிருந்து பெறப்படும் நியாயமான முடிவு.

மோட்டார்சைக்கிளுக்கு வரும்போது இன்ஜெக்டரும் கார்புரேட்டரும் வேறுபடும் இடம் முக்கியமானது. இன்ஜெக்டர் அமைப்பில் டேங்குக்குள் உள்ள பம்பு ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. பாதி அடைபட்ட நுனி வழியாகவும் பெட்ரோல் ஓடிக்கொண்டே இருப்பதால், அதில் கரைந்த பாலிஈதர் அமின் ஒரு டேங்க் காலியாகும்வரை படிவத்தின்மேல் தொடர்ந்து வேலை செய்ய முடிகிறது. கார்புரேட்டரிலோ ஓட்டத்தை உண்டாக்குவது எஞ்சினின் உறிஞ்சல் மட்டுமே. முழுதும் அடைபட்ட பைலட் ஜெட்டின் வழியே எதுவும் ஓடாது, ஓடாத இடத்துக்குப் புட்டியிலுள்ள மருந்தும் போகாது. ஓரளவு படலம் படிந்து ஐட்லிங் சற்றே தடுமாறும் வண்டியில் சேர்மானம் பலன் தரலாம். அடைத்துவிட்ட வண்டியில் கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளை வெளியே எடுத்து, கரைப்பானிலும் அழுத்தக் காற்றிலும், இயலுமானால் மீயொலித் தொட்டியிலும் சுத்தம் செய்வதே வழி. நீண்ட நாள் தண்ணீர் நின்ற கிண்ணங்களில் காணப்படும் பச்சையும் வெள்ளையுமான பொருக்கு உலோக அரிப்பின் விளைவு என்பதால் எந்தப் பெட்ரோல் சேர்மானத்திலும் அது கரைவதில்லை.

அமெரிக்க மோட்டார்சைக்கிள் ஓட்டிகளிடையே பெரும் நம்பிக்கை பெற்ற சீ ஃபோம் போன்ற பொருள்கள் வேறொரு வகை. அவை அமின் தூய்மையாக்கியை நம்பாமல், இலேசான கனிம எண்ணெய், நாப்தா, ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஆகியவற்றின் கலவையாக அமைந்தவை. கரைப்பான் வார்னிஷை இளக்குகிறது, எண்ணெய் சிறிது வழவழப்பைத் தருகிறது, ஆல்கஹால் சிறிதளவு தண்ணீரைப் பெட்ரோலோடு கலக்கச் செய்கிறது. மென்மையான, புதிய படலங்களில் இது பலனளிப்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் கரைப்பானின் வலிமை செறிவைப் பொறுத்தது. 15 லிட்டர் டேங்கில் கரைத்து நீர்த்துப்போன கரைப்பானிடம் கடினமாகிப்போன பழைய வார்னிஷைப் பெயர்க்கும் வலிமையை எதிர்பார்ப்பது மிகையாகும்.

தண்ணீர் பற்றிய உறுதிமொழிதான் நான்கிலும் பலவீனமானது. எத்தனால் கலவாத பெட்ரோல் தண்ணீரை ஏறத்தாழ ஏற்பதே இல்லை. 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 15 டிகிரியில் தன் கொள்ளளவில் சுமார் அரை விழுக்காடு தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும், 15 லிட்டர் டேங்கில் இது 75 மில்லிலிட்டர். அந்த எல்லையைத் தாண்டினாலோ, வெப்பநிலை இறங்கி எல்லையே சுருங்கினாலோ, தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து டேங்கின் அடிக்குப் போகின்றன. பெட்ரோல் குழாய் வாய்வைத்திருப்பதும் அங்கேதான். எத்தனாலை இழந்த மேலடுக்கின் ஆக்டேன் எண்ணும் குறைந்துபோகிறது. பிரிந்ததை மீண்டும் கலக்கச் செய்ய வேண்டிய ஆல்கஹாலின் அளவு எந்தப் புட்டியிலும் அடங்காது, ஆகவே அப்படிப்பட்ட டேங்கைக் காலிசெய்வதுதான் தீர்வு. எரிபொருள் குழாயில் உறைபனியைத் தடுப்பதற்கென விற்கப்படும் புட்டிகளில் மலிவானவை மெத்தனால் கொண்டவை. அலுமினியம், மெக்னீசியம் உலோகங்களை அரிக்கும் இயல்புடைய மெத்தனாலை மோட்டார்சைக்கிளின் கார்புரேட்டரில் மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது தவறு. ஏற்கெனவே எத்தனால் கலந்த பெட்ரோலில் மேலும் ஆல்கஹால் சேர்ப்பதால் பெரும்பாலும் பயனுமில்லை.

குளிர்காலத்தில் டேங்கை நிரப்பி வைப்பதா, வற்றவிடுவதா என்பதில் தயாரிப்பாளர்களே ஒருமித்த கருத்துடையவர்களாக இருந்ததில்லை. யமஹாவின் கையேடுகள் டேங்கை நிரப்பி, கிடைக்குமானால் நிலைப்படுத்தியும் சேர்க்கச் சொல்கின்றன. ஹோண்டாவின் பழைய கையேடுகளோ டேங்கையும் கார்புரேட்டரையும் காலிசெய்து, டேங்கின் உட்புறத்தில் துருத்தடுப்பு எண்ணெயைத் தெளிக்கச் சொல்லின. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே: இரும்புத் தகட்டை ஈரக்காற்று தொடாமல் காப்பது. நிரம்பிய டேங்கில் காற்றுக்கு இடமில்லை. பாதி டேங்குதான் இரண்டு வகையிலும் கேடு. பெரும்பாலான கார்புரேட்டர் வண்டிகளுக்கு, புதிய பெட்ரோலில் நிலைப்படுத்தியைச் சேர்த்து, டேங்கை நிரப்பி, எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி, பிறகு பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி அதைக் காலிசெய்வதே மிகச் சிறந்த ஒழுங்கு. டேப்பை மூடி எஞ்சின் தானாக அணையும்வரை ஓட்டுவது எளிய மாற்றுவழி. ஆனால் ஜெட்டின் மட்டத்துக்குக் கீழே சிறிது பெட்ரோல் தங்கிவிடுவதால் அது முழுமையானதன்று. கிண்ணம் உலர்ந்தால் கசிவுத்தடுப்பு வளையங்கள் சுருங்கும் என்ற அச்சம் பழைய தக்கை வளையங்களுக்குப் பொருந்தும், இன்றைய செயற்கை ரப்பருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இன்ஜெக்டர் வண்டிகளில் வடிப்பதற்குக் கிண்ணமே இல்லை, குழாய்களும் மூடியவை. அங்கே நிரம்பிய டேங்கும் நிலைப்படுத்தியும் போதுமானவை.

மிகைப்பயன்பாடும் கேடுதான். செறிந்த அமின் தூய்மையாக்கியின் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து எஞ்சின் ஆயிலில் சேர்வதால், ஆயில் மாற்றுவதற்குச் சற்று முன்பாக அதைப் பயன்படுத்துவது முறை. மாங்கனீசு, இரும்பு போன்ற உலோகம் கொண்ட ஆக்டேன் கூட்டிகள் தீப்பொறிப் பிளக்கிலும் ஆக்சிஜன் உணரியிலும் படிவத்தை விடக்கூடும் என்பதால், துப்புரவு என்ற பெயரில் அவற்றை வாங்காமல் இருப்பதே நன்று.

தமிழ்நாட்டுக்கு இந்தச் செய்திகள் வேறொரு வகையில் பொருந்துகின்றன. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபின் புதிய இருசக்கர வண்டிகள் ஏறத்தாழ எல்லாமே இன்ஜெக்டருக்கு மாறிவிட்டன. ஆனால் அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகள் பெருமளவில் இன்னும் ஓடுகின்றன. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, வீட்டு முற்றத்தில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகளும் உள்ளன. குளிர் இல்லாவிட்டாலும் வெப்பம் உண்டு, முன்னே காட்டிய கணக்கின்படி பெட்ரோலுக்கு அதுவே பெரிய பகை. 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி நாடெங்கும் பரவியுள்ள 20 விழுக்காடு எத்தனால் பெட்ரோல், 10 விழுக்காட்டுக் கலவையைவிட அதிகத் தண்ணீரைப் பிரியாமல் தாங்கும். ஆனால் அந்தத் தண்ணீரைத் தன்னுள் வைத்துக்கொண்டே, இக்கலவைக்கென வடிவமைக்கப்படாத பழைய வண்டிகளின் ரப்பரையும் உலோகத்தையும் சோதிக்கும். எனவே நிலைப்படுத்தியும் கிண்ணத்தை வடிக்கும் பழக்கமும் கனடாவைவிடக் கடலூருக்கே கூடுதலாகத் தேவைப்படுகின்றன எனலாம். 2015இலும் 2023இலும் சென்னை கண்டதுபோல் வெள்ளநீர் டேங்கில் புகுந்த வண்டிக்கு மட்டும் எந்தப் புட்டியையும் நாடக்கூடாது, டேங்கைக் கழற்றிக் கவிழ்ப்பதே அதற்குரிய வேலை.

அமெரிக்காவில் சாலை வாகனப் பெட்ரோலுக்கான சேர்மானங்கள் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் பதிவுசெய்யப்பட வேண்டும். ஆனால் அந்தப் பதிவு, பொருள் சொன்ன வேலையைச் செய்கிறது என்பதற்கான சான்று அன்று. உறையின் மீது அச்சிட்டிருக்கும் பதிவுச் சொற்களைச் சான்றாக எண்ணி ஏமாறுவோர் அங்கும் உண்டு. ஆகவே வாங்குபவர் புட்டியின் முகப்பை விட்டுவிட்டு அதன் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டுப் பெற வேண்டும். தூய்மையாக்கி என்றால் பாலிஈதர் அமின் உள்ளதா, நிலைப்படுத்தி என்றால் ஆக்சிஜனேற்றத் தடுப்பி உள்ளதா, மெத்தனாலோ உலோகச் சேர்மமோ கலந்திருக்கிறதா என்ற மூன்றையும் அதில் பார்க்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்ல மறுக்கும் புட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு, அந்தப் பணத்தை ஒருமுறை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யும் மெக்கானிக்குக்குக் கொடுங்கள்.